இறால் ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசி ஏன்? காசிமேட்டிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

காசிமேட்டைச் சேர்ந்த சகோதரி ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. மாமனாருக்கு வயது 58. ரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால் மாத்திரை சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இறால் தொக்கு போட்டுச் சாப்பிட்டு எழுந்தவருக்கு இருபது நிமிடத்துக்குள் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. தொண்டை அடைத்தது, தலை சுற்றியது. தெருமுனைக் கிளினிக்கில் ஒவ்வாமைக்கு வழக்கமாகப் போடும் அவில், டெக்ஸா ஊசிகளைப் போட்டு அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே போனதுமே தொடையில் அட்ரினலின் ஊசி. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்து, கைகால் நடுங்கிப் பயந்துவிட்டாராம். "இதயம் நின்றுபோனவர்களுக்குப் போடும் மருந்தை ரத்த அழுத்தக்காரருக்குப் போட்டது சரியா? இனி வீட்டில் அதை வாங்கி வைக்கலாமா? அவர் மீனாவது சாப்பிடலாமா?" என்பவை அவர் கேள்விகள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: சரியான மருந்து, சரியான இடத்தில், சரியான அளவில் போடப்பட்டிருக்கிறது. அது தெருமுனைக் கிளினிக்கிலேயே போடப்பட்டிருக்க வேண்டும். வடசென்னையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். அட்ரினலினைக் கடைசிக் கட்டத்து மருந்து என்று மக்கள் மட்டும் நினைக்கவில்லை. ஊசி போடும் கைகளிலும் அந்தத் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தில் கரையும் நிமிடங்கள்தான் ஆளைக் கொல்கின்றன.

உங்கள் மாமனாருக்கு வந்தது அனாபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை. இறாலில் இருக்கும் ஒரு புரதத்தை எதிரியாகக் கருதி, தோல், குடல், நுரையீரல் எங்கும் பரவியிருக்கும் மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்கள் தங்களிடம் உள்ள ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன; அவற்றின் சுவர் வழியாகத் திரவம் வெளியே கசிகிறது. பத்தே நிமிடத்தில் குழாய்களுக்குள் ஓடும் ரத்தத்தின் அளவில் மூன்றில் ஒரு பங்குவரை இப்படிக் கசிந்துவிடக்கூடும். ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே சிந்தாமல், பெரும் விபத்தில் அடிபட்டவரைப் போல ரத்த அழுத்தம் விழுந்துவிடும். கூடவே தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல்கள் சுருங்குகின்றன.

அட்ரினலின் இவை எல்லாவற்றையும் ஒருசேர எதிர்க்கிறது. விரிந்த ரத்தக் குழாய்களை இறுக்கிக் கசிவைக் குறைக்கிறது. தொண்டை வீக்கம் வடிகிறது. இதயத்தை வலுவாகத் துடிக்கவைக்கிறது. மூச்சுக்குழல்களைத் திறந்துவிடுகிறது. மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் தடுக்கிறது. இத்தனையையும் செய்யும் இன்னொரு மருந்து நம் கையில் கிடையாது. அவில் ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும். அரிப்பும் தடிப்பும் குறையும், விழுந்த ரத்த அழுத்தத்தை அது தூக்கி நிறுத்தாது, அடைத்த தொண்டையைத் திறக்காது. டெக்ஸா போன்ற ஸ்டீராய்டுகள் வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். இவற்றைப் போடவே கூடாது என்று சொல்லவில்லை. அட்ரினலினுக்குப் பிறகு போடலாம். அட்ரினலினுக்குப் பதிலாக இவற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பதுதான் தவறு. தடிப்பு குறைவதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாகும் அதே நேரத்தில் உள்ளே ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கலாம்.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். பிரிட்டனில் அனாபிலாக்சிஸால் இறந்தவர்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று இதைக் கணக்கிட்டது. உணவால் வந்த ஒவ்வாமையில் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு 30 நிமிடத்துக்குள் மூச்சோ இதயமோ நின்றிருந்தது. குளவி, தேனீ கொட்டியவர்களுக்கு அது 15 நிமிடம். ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர்களுக்கு வெறும் 5 நிமிடம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த எண்களின் பொருள் புரியும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் திருவொற்றியூரிலிருந்து ஸ்டான்லிக்கு எவ்வளவு நேரமாகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் இந்த மருந்து இருந்தால் போதாது என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். ஊசி போடும் ஒவ்வொரு கிளினிக்கிலும், கைக்கு எட்டும் தூரத்தில், உடைக்கத் தயாராக இரண்டு ஆம்பூல்கள் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பிகள்) இருக்க வேண்டும். ஆம்பூல் விலை மிகக் குறைவு; வைத்திருக்காததற்குச் செலவைக் காரணம் காட்ட முடியாது.

ஊசி எப்படிப் போடப்பட்டது என்பதைச் சொன்னால் உங்கள் பயம் பாதி போய்விடும். அட்ரினலின் நம் ஊரில் விரல் நீள ஆம்பூலில் வருகிறது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பெரும்பாலும் பழுப்புக் கண்ணாடி. உள்ளே ஒரு மில்லிலிட்டர் திரவம், அதில் ஒரு மில்லிகிராம் மருந்து. ஆம்பூலின் கழுத்தில் தங்கியிருப்பதை விரலால் தட்டிக் கீழே இறக்கி, பஞ்சை வைத்துக் கழுத்தை ஒடிக்க வேண்டும். மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் எறிந்துவிட வேண்டும். பெரியவருக்கு அரை மில்லிலிட்டர், அதாவது பாதி ஆம்பூல்தான். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்; 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 0.15 மில்லிலிட்டர். ஒரு அங்குல நீள ஊசியை, இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே தொடையின் வெளிப்பக்கத்தில் செங்குத்தாகத் தசைக்குள் இறக்க வேண்டும். அவசரத்தில் லுங்கியையோ புடவையையோ விலக்க நேரமில்லை என்றால் துணி மேலேயே குத்தலாம். ஐந்து நிமிடத்தில் நிலைமை தேறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ரத்தத்தில் அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே இரண்டாவது ஊசி தேவைப்படுவது அபூர்வமல்ல.

கையில் போடாமல் ஏன் தொடையில்? 1998இல் ஒவ்வாமையுள்ள குழந்தைகளிடம் கனடாவில் ஒரு சோதனை நடந்தது. தொடைத் தசையில் போட்டபோது ரத்தத்தில் மருந்து உச்சத்தை எட்டச் சராசரியாக 8 நிமிடம் ஆனது. தோலுக்கு அடியில் போட்டபோது 34 நிமிடம். அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து; தோலுக்கு அடியில் அது தன்னைச் சுற்றியுள்ள குழாய்களையே சுருக்கி, தான் வெளியேறும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. தொடைத் தசையில் ரத்த ஓட்டம் அதிகம், அங்கே அந்தத் தடை இல்லை. இன்றும் சில இடங்களில் பழைய பழக்கப்படி கைத்தோலுக்கு அடியில் போடுகிறார்கள். அந்த 26 நிமிட வித்தியாசத்தை நினைத்தால் மனம் பதைக்கிறது.

படபடப்பும் நடுக்கமும் மருந்து வேலை செய்ததன் அறிகுறிகள். முகம் வெளுக்கும், தலை வலிக்கும், காரணமில்லாமல் பயம் வரும். பத்து இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே நோயாளியிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். உங்கள் மாமனாரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆளைக் காப்பாற்றும் அவசரத்தில் விட்டுப்போகும் விஷயம்தான், ஆனால் சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

ரத்த அழுத்தக்காரருக்குப் போடலாமா? அனாபிலாக்சிஸ் என்று தெரிந்துவிட்டால், தசையில் போடும் அட்ரினலினை முற்றிலும் தவிர்க்க வேண்டிய நோயாளி என்று யாரும் கிடையாது. வயதானவர், இதய நோயாளி, கர்ப்பிணி எல்லோருக்கும் போடலாம். அந்த நேரத்தில் அவருடைய ரத்த அழுத்தம் உயர்ந்திருக்கவில்லை, பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இதயத்துக்கு ரத்தம் போகாமல் இருப்பதுதான் இதய நோயாளிக்குப் பெரிய ஆபத்து.

பிறகு இந்த மருந்தின் மேல் பயம் எங்கிருந்து வந்தது? காரணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அட்ரினலினால் நேர்ந்த விபரீதங்களில் பல, தசையில் போட வேண்டிய ஒரு மில்லிகிராம் ஆம்பூலை அப்படியே நரம்பில், அதாவது ரத்த நாளத்துக்குள், ஏற்றியதால் நேர்ந்தவை. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அந்த அளவு ஒரே மூச்சில் போனால் தாறுமாறாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் எகிறும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நரம்பு வழியாகக் கொடுப்பதென்றால் பல மடங்கு நீர்க்கச் செய்து, மானிட்டரில் இதயத் துடிப்பைப் பார்த்தபடி, பழகிய கை கொடுக்க வேண்டும். 'ஆயிரத்துக்கு ஒன்று', 'பத்தாயிரத்துக்கு ஒன்று' என்று மருந்தின் செறிவை விகிதத்தில் எழுதும் பழைய வழக்கமும் குழப்பத்தை வளர்த்தது. அமெரிக்காவில் 2016 முதல் அந்த விகிதத்தை லேபிளிலிருந்து நீக்கி, மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதவைத்தார்கள். மிக நல்ல முடிவு அது.

இதயம் நின்றவருக்குப் போடுவதும் இதே மருந்துதான் என்று நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அங்கே அளவும் வழியும் வேறு: பெரியவருக்கு நரம்பில் ஒரு மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. சினிமாவில் காட்டுவது போல நெஞ்சில் நேராகக் குத்துவது எப்போதோ கைவிடப்பட்டது. இதயம் நின்றவர்களிடம் அட்ரினலின் என்ன சாதிக்கிறது என்பதை 2018இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 8,014 பேரில் ஒரு பாதிக்கு அட்ரினலின், மறுபாதிக்கு வெறும் உப்புநீர். முப்பது நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் தரப்பில் 3.2 சதவீதம், மறுதரப்பில் 2.4 சதவீதம். ஆனால் பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் தரப்பில் 31 சதவீதம், மறுதரப்பில் 17.8 சதவீதம். மருந்து இதயத்தைத் திரும்ப ஓடவைக்கிறது. ரத்தம் இல்லாமல் வாடிய மூளையை அதனால் மீட்க முடிவதில்லை. அங்கே உயிரையும் மூளையையும் காப்பது, விழுந்தவரின் நெஞ்சில் பக்கத்தில் நிற்பவர் உடனே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொடுக்கும் அழுத்தமும், சீக்கிரம் கிடைக்கும் மின் அதிர்ச்சியும்தான். இதயம் நின்ற பிறகு கொடுக்கும்போது இவ்வளவு குறைவாகவே உதவும் மருந்து, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வாமைக்குத் தொடையில் கொடுத்தால் ஆளை எழுப்பி உட்காரவைக்கிறது. ஒரே ஆம்பூல், கொடுக்கும் நேரத்தில்தான் வித்தியாசம் எல்லாம்.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்தில் பாம்பு கடித்தவர்களுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்பட்ட அந்த மருந்துக்கே ஒவ்வாமை வருவது சகஜம். பாட்டிலைத் தொங்கவிடும் முன்பே சிரிஞ்சில் அட்ரினலினை எடுத்துக் கட்டில் அருகே வைத்துக்கொள்வது நல்ல மருத்துவமனையின் வழக்கம். சிறு குழந்தைகளுக்குக் குரல்வளை வீங்கி நாய் குரைப்பது போல இருமல் வந்து மூச்சு முட்டினால், அதையே நெபுலைசரில் புகையாகக் கொடுப்போம்.

இந்த மருந்து வந்த கதையில் உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு சங்கதி உண்டு. அனாபிலாக்சிஸை முதலில் இனம் கண்டவர்கள் சார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள். மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போய், கடலில் மிதக்கும் சொறி வகை உயிரியின் விஷத்தைச் சேகரிப்பதில் அவர்கள் ஆராய்ச்சி தொடங்கியது. 1902இல் முடிவை வெளியிட்டார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குச் சற்று முன்புதான், 1901இல், ஜப்பானியரான ஜோகிச்சி தகமினே அட்ரினலினைத் தூய நிலையில் பிரித்தெடுத்த செய்தி வெளியாகியிருந்தது. நோயும் அதன் மருந்தும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நமக்குத் தெரியவந்தன.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய விஷயம் ஆட்டோ. ரத்த அழுத்தம் விழுந்தவரை நிமிர்த்தி உட்காரவைப்பதும், நடக்கவைப்பதும், திடீரென்று எழுப்புவதும் ஆபத்து. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டென்று குறைந்து அந்த நொடியிலேயே இதயம் நின்றவர்கள் உண்டு. படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டுகிறது என்றால் கால்களை நீட்டியபடி சற்றுச் சாய்ந்து இருக்கட்டும். கர்ப்பிணியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 108க்கு அழைக்கும்போதே "ஒவ்வாமை, மூச்சுத் திணறல்" என்று முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். சரியான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள்; சிலருக்கு அடங்கிய ஒவ்வாமை மறுபடியும் கிளம்பும். வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள்.

அட்டெனலால் பற்றி. அது அட்ரினலின் இதயத்தில் வேலை செய்யும் வாயிலையே அடைக்கும் மாத்திரை. அவருக்கு இரண்டாவது ஊசி தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு அட்ரினலின் பலிக்காவிட்டால் குளுககான் என்னும் மருந்தை நரம்பில் கொடுப்பார்கள். அவருடைய மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், அட்டெனலாலைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் எதிர்வினை காட்டும்.

வீட்டில் வைக்கலாமா? அவசியம் வைக்க வேண்டும். வெளிநாடுகளில் பேனா போன்ற கருவி உண்டு. தொடையில் வைத்து அழுத்தினால் அளவான மருந்து தானே இறங்கும். நம் ஊர்க் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே ஒன்றுக்கு அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. நமக்கு இப்போது நடைமுறையில் உள்ள வழி, மருத்துவரின் சீட்டோடு ஆம்பூல்களும் சிரிஞ்சுகளும் வாங்கி, எவ்வளவு எடுப்பது, எங்கே குத்துவது என்பதை வீட்டில் இருவராவது அவரிடமே கற்றுக்கொள்வது. நீங்களும் மாமியாரும் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கும் நாளிலும் ஒருவர் இருப்பார். ஒரு தகர டப்பாவில், வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர் ஏப்ரல் மே வெயிலில் பைக் பெட்டியில் வைத்தால் மருந்து வீணாகிவிடும். மாதம் ஒருமுறை நிறத்தையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். சிரிஞ்சில் முன்கூட்டியே ஏற்றி வைத்தால் அது சில மாதங்களுக்கு மேல் நிலைக்காது. ஊசி போட்டுவிட்டோம் என்று வீட்டில் தங்கிவிடாமல் உடனே 108ஐ அழையுங்கள்.

இனி மீன். இறாலில் ஒவ்வாமை தரும் முக்கியமான புரதம் டிரோபோமயோசின். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. நண்டிலும் சிங்கி இறாலிலும் கிட்டத்தட்ட அதே புரதம் இருப்பதால் அவற்றையும் நிறுத்த வேண்டும். கருவாட்டுக் கூடையில் கலந்திருக்கும் சென்னாக்குன்னிப் பொடியை (அதுவும் பொடி இறால்தான்)க் குறிப்பாகக் கவனியுங்கள். இறால் வேகும் ஆவியே சிலருக்குப் போதும். அவர் இருக்கும்போது அடுப்பில் வைக்காதீர்கள். மீனின் ஒவ்வாமைப் புரதம் வேறு. எனவே இறால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோர் மீன் சாப்பிட முடியும். ஆனாலும் ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் பரிசோதித்து உறுதி செய்த பிறகே வஞ்சிரமோ சங்கராவோ தட்டில் வைக்கவும்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சூரை, மத்தி, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் மீனின் தசையிலேயே ஹிஸ்டமின் உண்டாகிவிடும், சமைத்தாலும் போகாது. அதைச் சாப்பிட்டவர்களுக்கும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஒவ்வாமை போலவே இருக்கும். ஒரே குழம்பைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அதுதான். அவில் வகை மருந்துக்கே அடங்கிவிடும். உங்கள் வீட்டில் அன்று எல்லோரும் அதே தொக்கைச் சாப்பிட்டு ஒருவருக்கு மட்டும் வந்திருக்கிறது. ஆகவே இறால் மேல்தான் சந்தேகம். பரிசோதனைக்குப் போகும்போது அன்று என்னென்ன சாப்பிட்டார், எந்த மாத்திரைகளைப் போட்டிருந்தார், எத்தனை மணிக்கு எது தொடங்கியது என்பதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டான்லியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும் மறக்காதீர்கள்.